மரியாதைக்குச் சொன்ன சொல்

போன வாரம் விசாரித்தவர்களுக்கு முதலில் ஒரு செய்தி: என் சோபா இன்னும் திரும்பி வரவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பெயர் பிரதாபன். கோலியர்ஸ் வுட்டில் கார் ஓடப் பழக்குகிறேன். தென் லண்டன் தமிழரில் பாதிப் பேர் என்னிடம் கியர் மாற்றப் பழகியவர்கள். மீதிப் பேர் அவர்களைக் கண்டால் ஒதுங்கப் பழகியவர்கள்.

என் மனைவி சுவர்ணா மந்திரக்காரி. புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மந்திரக்காரி. அவள் விரலில் ஒரு நெட்டி முறித்தால் சட்டி தானாகக் கழுவப்படும், கொடியில் உடுப்புக் காயும்வரை மழை பொறுத்துக்கொள்ளும். தாய்வழியில் வந்த சங்கதி. கல்யாணத்துக்கு முன்பே நான் கேட்டேன்: வீட்டுக்குள் மந்திரம் வேண்டாம், நாலு பேரைப் போல இருப்போம் என்று. ஓம் என்றாள். நினைத்ததெல்லாம் கிடைக்கக்கூடிய ஒருத்தியைப் பிடித்துக் கொண்டுவந்து பாத்திரம் கழுவ விட்ட முதல் மேதாவி நான்தான்.

இதை மன்னிக்காத ஒரே ஆள் என் மாமியார் நகுலேஸ்வரி. இருப்பது ஈஸ்ட் ஹாமில். எங்களுக்கு அது இரண்டு ரயில். அவருக்கு ஒரு நெட்டி.

போன வாரம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் பல்லெல்லாம் தெரிய, "வாங்கோ மாமி, வாங்கோ! இது உங்கடை வீடு மாதிரி" என்றேன். பிழை அங்கேதான். அவர்கள் பரம்பரையைப் பார்த்து வீட்டுக்காரன் வாசலில் நின்று எதைச் சொன்னாலும், அவர்கள் வாசலில் நின்று யாருக்கு எதைச் சொன்னாலும், அது அப்படியே பலித்துவிடும். உபசாரம், மரியாதை என்றெல்லாம் அந்த மந்திரத்துக்குத் தெரியாது.

'வாங்கோ' என்றால் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும் அல்லவா? மந்திரம் பலர் என்று எடுத்துக்கொண்டது. பார்க்கிங் என்ற ஊரில் தங்கள் பாட்டில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மாமியின் தங்கைமார் இருவரும் கத்தியும் கையுமாக என் நடையில் வந்து விழுந்தார்கள். 'உங்கடை வீடு மாதிரி' என்றதையும் அது சும்மா விடவில்லை. என் சோபா மறைந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத மாமியின் சோபா வந்தது. அதில் இருந்தால் வழுக்கும், எழும்பினால் சத்தம் போடும்.

தங்கைமார் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாமி போகவில்லை. அந்தச் சோபாவில் இருந்தபடி ஒரு பந்தயம் வைத்தார்.

சுவர்ணா கார் ரெஸ்ற்றில் ஏற்கெனவே இரண்டு தரம் தோற்றவள். முதல் தரம் பயத்தில் அவளை அறியாமலே விரலில் நெட்டி முறிந்து கார் றோட்டை விட்டு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. "நாலு சில்லும் தரையில் இருப்பது விரும்பத்தக்கது" என்று மட்டும் எக்ஸாமினர் சொன்னார். ஆங்கிலேயர். எதையும் பெரிதுபடுத்த மாட்டார்கள். இரண்டாம் தரம் றவுண்டபவுட்டில் நின்றுகொண்டு, வந்த வாகனத்துக்கெல்லாம் "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று கை காட்டினாள். பின்னால் நின்ற பஸ்ஸில் ஆட்கள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது ரெஸ்ற் இன்று. மந்திரமில்லாமல் பாஸ் பண்ணினால் மாமி வெளிக்கிட்டுவிடுவார், பிறகு இந்தப் படி மிதிக்கமாட்டார். தோற்றால் சுவர்ணா ஈஸ்ட் ஹாமுக்குத் தாயோடு போக வேண்டும். இடையில் யார் நெட்டி முறித்தாலும் அது தோல்விக் கணக்குத்தான்.

"மருமோனுக்கு ஒண்டும் நோகாது" என்றார் மாமி, பெரிய மனதோடு. "ஒரு நெட்டி. காலமை எழும்பேக்கை கலியாணம் கட்டாத ஆளா எழும்புவார். என்ரை பிள்ளையின்ரை பேரும் தெரியாது, முகமும் தெரியாது."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவர்ணா "ஓம்" என்றுவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் தாயைப் போலத்தான். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

*

இன்று காலை நான் சாப்பாட்டு மேசையில் சுட்ட பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன்.

"நல்லாச் சாப்பிடுங்கோ, றைவர்த் தம்பி" என்றார் மாமி. மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால் அவர் எனக்கு வைத்திருக்கும் பட்டம் அது. "நாளைக்கு உந்தப் பாணை ஆர் சுட்டுத் தந்தது எண்டே உங்களுக்கு ஞாபகம் இராது."

"அம்மா, சும்மா இருங்கோ. நான் பாஸ் பண்ணுவன்."

"நினைச்ச இடத்திலை போய் நிக்கக்கூடியவள் நீ. இந்த மனுசன் உனக்கு இண்டிக்கேற்றர் போடப் பழக்குது. என்ரை தங்கச்சிமாருக்கு இதைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"நீங்கள் சொல்லேல்லை எண்டால் அவைக்கு எப்படித் தெரியும்?"

"அதுகள்தான் கத்தியோடை வந்து விழுந்து எல்லாத்தையும் பாத்திட்டுப் போட்டுதுகளே! உன்ரை புருசன்ரை மரியாதையாலை!"

காரில் தானும் வருவேன் என்று பின் சீற்றில் ஏறிக்கொண்டார். பெல்ற் போடச் சொன்னேன். "என்னைக் கட்டியும் வைக்கப்போறியளோ?" என்று கேட்டார். அந்த யோசனை எனக்கு அதுவரை வரவில்லை.

சுவர்ணாதான் காரை ஓடினாள். ரெஸ்ற் சென்ரர் வாசலில் நிறுத்தியபோது அவள் கை ஸ்ரியறிங்கை விட்டு வரவில்லை.

"என்னப்பா," என்றாள் மெதுவாக, "நாளைக்கு என்னை றோட்டிலை கண்டும் தெரியாத ஆள் மாதிரிப் போனியள் எண்டால்?"

"அதுக்கு ஏன் பயப்பிடுறீர்? தோத்தால் திரும்பவும் கார் பழக ஆளைத் தேடுவீர்தானே. உமக்குப் பழக்க என்னை விட்டால் வேறை எந்த விசரன் வருவான்?"

அவள் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். நான் சிரித்து முடித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீற்றில் இருந்து மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும் அதே பார்வைதான். ஆனால் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

*

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் கதிரைகள். மூலையில் ஒரு வெள்ளைக்காரத் தாய் தன் மகனுக்காக நகம் கடித்துக்கொண்டிருந்தாள். மாமி பையில் இருந்து பிளாஸ்க்கை எடுத்து, அதன் மூடியில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றி, எனக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தார். சாயத்தண்ணீருக்குள் எங்கள் கார் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி! மந்திரம் இல்லை எண்டு சொன்னனீங்கள்!"

"பாக்கிறது மந்திரமில்லை, பழக்கம். நெட்டி முறிச்சனானோ? ஏமாத்தி வெல்ல நான் என்ன தென் லண்டன்காரியோ?"

சுவர்ணா நன்றாகவே ஓடினாள். கண்ணாடி பார்த்தாள். சைக்கிள்காரனுக்கு இடம் விட்டாள். பக்கத்தில் மொட்டைத் தலையோடு இருந்த எக்ஸாமினர் ஒன்றும் பேசவில்லை. மாமிதான் பேசிக்கொண்டிருந்தார்.

"உது என்ன, மாட்டு வண்டி வேகம்? நடந்து போறவன் முந்துறான்."

"அங்கை இருபதுதான் ஓடலாம், மாமி."

"இருபது! கீரை விக்கப் போற வேகம். இதுக்கு ஒரு பாடசாலை, அதுக்கு ஒரு வாத்தியார்."

அப்போது கார் அதே றவுண்டபவுட்டுக்கு வந்தது. போன முறை அவளைத் தின்ற றவுண்டபவுட். சுவர்ணா நின்றாள். வலப்பக்கம் ஒரு வான் போனது. ஒரு கார் போனது. இடைவெளி வந்தது. அவள் அசையவில்லை. அவள் இடது கை மெல்ல மேலே எழும்பியது. "நீங்கள் போங்கோ" என்று காட்டும் அந்தப் பாழாய்ப்போன கை.

நாளைக் காலை விழித்து, யாருக்குமே இரண்டாவது பாண் துண்டு சுடாமல், ஏன் இந்த வீட்டில் இரண்டு தலையணை இருக்கிறது என்று யோசிக்கப்போகிற ஒரு மனிதனை அந்தத் தேநீருக்குள் பார்த்தேன்.

மொட்டைத் தலை எக்ஸாமினர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்ணாவைப் பார்த்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

மாமி எழும்பிவிட்டார்.

"பாத்தனீங்களோ? அந்த மொட்டையன் என்ரை பிள்ளையைப் பாத்துப் பெருமூச்சு விடுறான்! ஆரைப் பாத்து? என்ரை பிள்ளையை! இவனை இப்ப நான் ஒரு கறிச்சட்டியா மாத்தேல்லை எண்டால்..."

மூடியைக் கதிரையில் வைத்துவிட்டு இரண்டு கை விரல்களையும் கோத்தார். இன்னும் ஒரு கணம் விட்டிருந்தால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அடுப்பில் ஏறியிருப்பார், என் கல்யாணமும் அவரோடு போயிருக்கும். நான் பாய்ந்து மாமியின் இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்கோ!"

"விடமாட்டன். முறிச்சால் தோல்வி, மாமி."

"எனக்கென்ன, தோத்தால் எனக்கு வெற்றிதானே!"

"அப்ப முறியுங்கோ" என்றேன். கைகளை விடவில்லை. "பேந்து அவளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, நான்தான் உன்னைத் தோக்கடிச்சனான் எண்டு."

மாமியின் விரல்கள் என் கைக்குள் நின்றன. மூலையில் இருந்த வெள்ளைக்காரத் தாய் எங்களைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, "ஸோ ஸ்வீற்" என்றாள். ஒரு மருமகன் மாமியாரின் கையை இப்படிப் பிடித்திருப்பதை அவள் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டாள். நானும் கண்டதில்லை.

இருவரும் அப்படியே குனிந்து தேநீரைப் பார்த்தோம். சுவர்ணாவின் எழும்பிய கை திரும்பி ஸ்ரியறிங்கில் இறங்கியது. அவள் உதடு அசைந்தது. கார் புறப்பட்டு, சுற்றி, சரியான வழியால் வெளியேறியது.

"என்ன சொன்னவள்?" என்று கேட்டேன்.

மாமிக்கு உதடு வாசிக்கத் தெரியும்.

"'நான் போறன்' எண்டு சொன்னவள்." குரல் வழமையான இடத்தில் இல்லை. "அந்தச் சொல்லை வாயிலை எடுக்காதை எண்டுதான் அவளை வளத்தனான். 'போட்டு வாறன்' எண்டு, திரும்பி வாறதையும் சேத்துச் சொல்ல வேணும்."

"எங்கடை வீட்டிலையும் அப்படித்தானே, மாமி. எல்லாரும் அப்படித்தான்."

"உங்கடை ஆக்கள் சகுனத்துக்குச் சொல்லுறியள். எங்களுக்கு அது சகுனமில்லை."

பிறகு, என் முகத்தைப் பாராமல், தேநீருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவளின்ரை தேப்பன் விஜயரத்தினமும் உங்களைப் போலை ஒரு றைவர்தான். பஸ் ஓடினவர். மந்திரமும் தெரியாது, மண்ணும் தெரியாது. ஒவ்வொரு நாளும் வாசல்லை நிண்டு 'போட்டு வரட்டோ?' எண்டு கேப்பார். ஒரு நாள் எனக்கு ஏதோ கோவம். என்ன கோவம் எண்டு இப்ப ஞாபகமும் இல்லை. 'போங்கோ' எண்டு சொல்லிப்போட்டன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். போயிட்டார். வர நினைச்சாலும் வர ஏலாது. எங்கடை தெரு முனை மட்டும் வருவார், நான் மேல் யன்னலாலை கண்டிருக்கிறன். பேந்து கால் தன்ரை பாட்டிலை திரும்பிடும். அனுப்பின வாயாலை திருப்பிக் கூப்பிடவும் ஏலாது."

"சுவர்ணாவுக்கு இது...?"

"தேப்பன் விட்டிட்டுப் போட்டார் எண்டுதான் அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்கள் வாய் திறந்தியளோ, உங்களைக் கறிச்சட்டியாக்க எந்தப் பந்தயமும் தடையில்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்பவாவது கையை விடுங்கோ. றைவர்மாருக்கு ஒண்டைப் பிடிச்சால் விடத் தெரியாது."

கதவு திறந்தது. சுவர்ணா நின்றாள். முகம் முழுவதும் நனைந்திருந்தது. அதனால் ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை.

"பாஸ்" என்றாள். "அம்மா, என்ரை கையாலை. என்ரை காலாலை. ஒரு நெட்டிகூட இல்லை!"

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய காரியம்தான். வீதியிலை போற நாய்க்கும் பூனைக்கும் லைசன்ஸ் குடுக்கிறாங்கள்" என்றார். சொல்லிக்கொண்டே தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார்.

*

பந்தயம் பந்தயம்தான். வீட்டுக்கு வந்ததும் மாமி பையைக் கட்டினார்.

சுவர்ணா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். காரில் இருந்து கழற்றிய 'எல்' போட் பலகை இன்னும் அவள் கையில் இருந்தது. அதாலேயே என் நெஞ்சில் தட்டித் தட்டிச் சொன்னாள்.

"கவனமாக் கேளுங்கோ. வாசல்லை நிண்டு 'போங்கோ' எண்டு சொல்ல வேணும். அது மட்டும்தான். சொன்னால் பேந்து அம்மா வர ஏலாது. வாலொண்டும் ஒட்டாதையுங்கோ."

"உம்மடை அம்மாவை 'போங்கோ' எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

"அவதானே பந்தயம் வைச்சவ? நான் ஈஸ்ட் ஹாமுக்குப் போய்ப் பாப்பன். இஞ்சை வரக்கூடாது, அவ்வளவுதான். உங்களை மறக்க வைக்க வந்தவ, மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. பாத்றூமுக்குள் போய்க் கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். போங்கோ. போங்கோ. கேவலமாக இருந்தது. மீற்றர் பார்க்க வருகிறவனைக்கூட நான் 'போட்டு வாங்கோ' என்றுதான் அனுப்பியிருக்கிறேன். ஒரு முறை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்த கள்ளன் எங்கள் வேலியால் பாய்ந்தபோதும் என் வாயில் அதுதான் வரப் பார்த்தது.

மாமி வாசற்படியில் நின்றார். மேலே கோட், கையில் பை, கோட்டுக்குக் கீழே சேலையின் கரை. இவ்வளவு நாளும் எங்கள் நடை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற மனுசி, கதவு நிலைக்குள் இப்போது ஒரு பக்கமாகத்தான் தெரிந்தார்.

"கை நோகுது" என்றார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டு. "ஒரு பொம்பிளையின்ரை கையைப் பிடிக்கிற பிடியோ அது? ஸ்ரியறிங் எண்டு நினைச்சியளாக்கும். சரி. சொல்லுங்கோ."

சுவர்ணா என் முதுகில் 'எல்' பலகையால் குத்தினாள்.

"போ..." என்றேன்.

மாமி கண்ணை மூடிக்கொண்டார். அடி விழப்போகிறது என்று தெரிந்த குழந்தை மூடுவதுபோல. தெரு முனைவரை வந்து திரும்பிப் போகும் ஒரு சோடிக் கால்கள் எனக்கு நினைவில் வந்தன. சத்தியமாக அதற்காகத்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. பழக்கதோஷம் என்று சுவர்ணா சொல்வாள். இரண்டில் எது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

"...ட்டு வாங்கோ, மாமி."

மாமி கண்ணைத் திறந்தார். அவசரமாக ஒரு நெட்டி முறித்தார். வாசல் வெறுமையாயிற்று.

"என்னப்பா செய்தனீங்கள்!" சுவர்ணா 'எல்' போட்டைத் தூக்கி எறிந்தாள். அது மாமியின் பிளாஸ்டிக் சோபாவில் விழுந்து வழுக்கித் தரைக்குப் போனது. "ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு சொல்லத் தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும். வாய்தான் கேக்கேல்லை."

"இனி நாங்கள் இருந்த மாதிரித்தான்! அவ இப்ப வந்து நிப்பா, பாருங்கோ!"

மணி அடித்தது.

மந்திரத்துக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. நான் கதவைத் திறந்தேன். மாமி நின்றார். அதே கோட், அதே பை. முகம் மட்டும் வேறு. அந்த முகத்தில் இளக்காரம் இல்லாமல் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்க்கவே பயமாக இருந்தது.

அவருக்குப் பின்னால், படிக்குக் கீழே, பஸ் ஓடுபவர்களின் பழைய நீல மேலங்கியோடு மெலிந்த மனிதர் ஒருவர் நின்றார். தன் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இந்த முறை திரும்பாமல் நின்றுவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை.

போட்டு வாங்கோ. ஒருவருக்கும் சொல்லலாம். பலருக்கும் சொல்லலாம்.

"அப்பா?" என்றாள் எனக்குப் பின்னால் சுவர்ணா. பிறகு, வேறு குரலில், "அம்மா...?"

அந்த மனிதர் தலையை நிமிர்த்தினார். "மன்னிக்க வேணும்" என்றார் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. "கொஞ்சம் பிந்திட்டுது."

வாசலில் ஆள் நின்றால் என் வாய் தானாகத் திறக்கும். திறந்தது. சுவர்ணாவின் கை பாய்ந்து வந்து அதைப் பொத்தியது.

"பொறுங்கோ! ஒண்டும் சொல்லாதையுங்கோ! எனக்கு முதல்லை ஒரு விளக்கம் வேணும்!"

"கையை எடு, பிள்ளை" என்றார் மாமி. "எல்லாம் சொல்லுறன். உன்ரை அப்பாவை முதல் உள்ளை கூப்பிட விடு." பிறகு என்னைப் பார்த்தார். ஈஸ்ட் ஹாமில் இருந்து கோலியர்ஸ் வுட் வரை ஒருவரையும் எதற்கும் கெஞ்சியறியாத அந்த மனுசி, றைவர் என்ற பட்டத்தை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி... சொல்லுங்கோ."